நூல் பிடித்துப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கட்டட வரைபடம், கோடு, மட்டம், அளவு பற்றிய கேள்விகளுக்கு, வேலூர் கொசப்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி வரைபட ஆசிரியர் பதில் தருகிறார். நேராக இருக்க வேண்டியது ஏன் கோணலாகத் தெரிகிறது என்று கேட்டு வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

புது வீட்டில் மாடிப்படிக்கு ஸ்டீல் கைப்பிடி போட்டோம். ஹாலில் உட்கார்ந்து பார்த்தால் நடுவில் ஒரு சதுரத் தூண் மறைக்கிறது. தூணுக்கு இந்தப் பக்கம் வரும் பைப்பும் அந்தப் பக்கம் போகும் பைப்பும் ஒரே கோட்டில் இல்லை. மேல் துண்டு ஒரு விரற்கடை உயர்ந்து நிற்கிறது. வெல்டரைக் கேட்டால் ‘ஒரே பைப்புதான் சார், நடுவில் வெட்டவே இல்லை’ என்று சாதிக்கிறார். மீதிப் பணத்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். சரிதானே?
ஒரு வாசகர், சத்துவாச்சாரி

சரியில்லை. இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

அவர் சொல்வது உண்மை என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே தடயம் இருக்கிறது. ‘மேல் துண்டு உயர்ந்து நிற்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். வெல்டிங்கில் கோளாறு என்றால் மேல் துண்டு உயர்ந்தும் போகலாம், தாழ்ந்தும் போகலாம். ஆனால் சாய்வாக ஏறும் ஒரு கோட்டை நெட்டுக்குத்தான பட்டை ஒன்று நடுவில் மறைத்தால், மேல்பக்கத் துண்டு உயர்ந்துவிட்டதாகத்தான் கண்ணுக்குப் படும். படி வலப்பக்கம் ஏறினாலும் இடப்பக்கம் ஏறினாலும் இதே கதைதான். தூண் அகலமாக ஆக விலகலும் பெரிதாகத் தெரியும். படி செங்குத்தாக ஏறினால் இன்னும் மோசம்.

இதற்குப் பொகண்டோர்ஃப் தோற்ற மயக்கம் என்று பெயர். பொகண்டோர்ஃப் ஜெர்மனியில் ஓர் இயற்பியல் ஆய்விதழின் ஆசிரியராக இருந்தவர். 1860-ல் ஸோல்னர் என்பவர் வேறொரு கோட்டு மயக்கத்தைப் பற்றிக் கட்டுரை அனுப்பினார். அதிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அதற்குள்ளேயே இன்னொரு மயக்கமும் ஒளிந்திருப்பதைப் பொகண்டோர்ஃப் கவனித்தார். அச்சுக்குப் போகும் படத்தை அப்படி உற்றுப் பார்த்த பத்திரிகை ஆசிரியரை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

காரணம் என்ன? நம் மூளையில் பார்வைக்கான பகுதியில், ஒவ்வொரு சாய்வுக்கும் தனித்தனி செல்கள் உண்டு. நெட்டுக்கோட்டுக்கு ஒன்று துடித்தால், சற்றே சாய்ந்த கோட்டுக்கு வேறொன்று துடிக்கும். ஹ்யூபல், வீசல் என்ற இருவர் 1959-ல் பூனையின் மூளையில் இதைக் கண்டு வெளியிட்டார்கள். 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஏறத்தாழ ஒரே சாய்வுக்கான செல்கள் ஒன்றையொன்று அடக்குகின்றன. அதனால் இரண்டு கோடுகள் குறுங்கோணத்தில் சந்தித்தால், அந்தக் கோணம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. உங்கள் பைப்பு தூணின் விளிம்பைத் தொடும் இடத்தில் நடப்பது இதுதான். கீழ்த்துண்டு நிஜத்தைவிடக் கொஞ்சம் படுத்தாற்போல் தெரிகிறது. அந்தப் படுத்த சாய்விலேயே மனசு கோட்டை நீட்டிப் பார்த்தால், தூணுக்கு அந்தப் பக்கம் தாழ்வான ஓர் இடத்தில் போய் முட்டும். நிஜப் பைப்பு அதற்கு மேலே இருக்கிறது. உடனே ‘உயர்ந்துவிட்டது’ என்கிறோம்.

இது மட்டுமே முழுக் காரணம் என்று ஆய்வாளர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. படத்தில் குறுங்கோணப் பகுதிகளை அழித்துவிட்டு விரிகோணப் பகுதிகளை மட்டும் வைத்தாலும் மயக்கம் போவதில்லை. தட்டையான படத்தையும் தூரத்துக்கு ஓடும் காட்சியாக மூளை எடுத்துக்கொள்வதால்தான் இப்படி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கோட்டைக் கெடுப்பது பக்கத்து விளிம்புதான் என்பதில் சந்தேகமில்லை.

உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கொத்தனார் நூலை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக, தூணுக்கு முன்னால் விறைப்பாகப் பிடிக்கட்டும். நீங்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூல் கீழ்ப் பைப்பின் மேல் விளிம்போடு பொருந்தும்படி பிடிக்கச் சொல்லுங்கள். தலையை அசைக்காமல் அப்படியே மேல் துண்டைப் பாருங்கள். அதுவும் நூலிலேயே கிடக்கும். இன்னொரு வழி: செல்போனில் படம் எடுத்து, பைப்பு படுக்கையாக வரும்வரை போனைத் திருப்புங்கள். படுக்கைக் கோட்டிலும் நெட்டுக்கோட்டிலும் இந்த மயக்கம் மிகவும் குறைந்துவிடும், அதனால் விலகல் சுருங்குவதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். தச்சர்கள் பலகையின் ஒரு முனையைக் கண்ணருகே தூக்கி, ஓரத்தோடு ஒட்டிப் பார்வையை ஓடவிடுவார்களே, அதையும் அந்தப் படத்தை அச்செடுத்துச் செய்து பார்க்கலாம். கோட்டின் நீளவாட்டில் பார்க்கும்போது தூணின் அகலம் கண்ணுக்குச் சுருங்கிப்போகும்.

நூல் சரியென்று சொன்னாலும் தினமும் பார்க்கப்போவது உங்கள் கண்தான் என்பது எனக்குப் புரிகிறது. உறுத்தினால் சோபாவை இடம் மாற்றுங்கள். தூண் மறைக்காத கோணத்தில் உட்கார்ந்தால் பைப்பு முழுசாகத் தெரியும், பிரச்சினையும் தீரும். வெல்டர் கூலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கைலியில் நெட்டுக்கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டின் மேலும் சின்னச் சின்னச் சாய்வுக் கீற்றுகள் வருகிற மாதிரி ஒரு டிசைன் நெய்தோம். ஒரு கோட்டில் கீற்று வலப்பக்கம் சாயும், அடுத்ததில் இடப்பக்கம். பாவில் ஒரு இழைகூட விலகவில்லை. ஆனாலும் ‘கோடு கோணல்’ என்று வியாபாரி திருப்பி அனுப்பிவிட்டார்.
ஒரு நெசவாளர், குடியாத்தம்

மேலே சொன்ன ஸோல்னர் கண்டுபிடித்தது உங்கள் கைலியைத்தான்! அவர் வானியற்பியலாளர், காவலூர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களின் துறைக்காரர். ஆனால் அந்த மயக்கத்தை அவர் கண்டது வானத்தில் அல்ல, உடுப்புக்கு நெய்த துணியின் டிசைனில். இணையான நீளக்கோடுகள், அவற்றின் மேல் மாறிமாறிச் சாயும் குட்டைக் கீற்றுகள். நீளக்கோடுகள் ஒன்றையொன்று நெருங்குவது போலவும் விலகுவது போலவும் தெரிந்தன. காரணம் கைப்பிடிக்குச் சொன்னதுதான். கீற்றும் கோடும் சந்திக்கும் குறுங்கோணம் பெரிதாகத் தெரிய, கோடு கீற்றை விட்டு விலகிச் சாய்கிறது.

டிசைனைத் தூக்கிப்போட வேண்டாம். எல்லாக் கோட்டிலும் கீற்று ஒரே பக்கம் சாயட்டும். அப்போது எல்லாக் கோடுகளும் ஒன்றுபோலச் சாய்ந்து தெரியும், இணையாகவே இருக்கும். மாறிமாறித்தான் வேண்டும் என்றால் கீற்றைக் கோட்டோடு ஒட்டிச் சாய்க்காமல் நன்றாக விரித்துப் போடுங்கள். பத்து முதல் முப்பது பாகை வரை உள்ள சாய்வில்தான் மயக்கம் பலமாக இருக்கும்.

கடைக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். துணியை மேசைமேல் சாய்வாக விரித்துக் காட்டினால் இந்தக் கோணல் கூடும். கோடு நேராகக் கீழே இறங்கும்படி தொங்கவிட்டால் குறையும். திருப்பி அனுப்பிய கைலிகளையும் அப்படித் தொங்கவிட்டுக் காட்டி, இரண்டு முனையிலும் அளவுநாடா வைத்து அவர் கண் முன்னாலேயே அளந்து காட்டுங்கள். நெய்தவர் உழைப்பை அளக்காமல் தள்ளுவது அநியாயம்.

குளியலறைச் சுவருக்குக் கறுப்பும் வெள்ளையுமாக டைல்ஸ் போட்டோம். வரிசைக்கு வரிசை கொஞ்சம் தள்ளி ஒட்டச் சொன்னது நான்தான். இப்போது ஒரு வரிசை இடப்பக்கம் ஒடுங்கி, அடுத்த வரிசை வலப்பக்கம் ஒடுங்கி, ஆப்பு ஆப்பாகத் தெரிகிறது. ஒட்டியவரைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவர் ரசமட்டத்தை வைத்துக் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.
ஒரு வாசகி, ராணிப்பேட்டை

அம்மா, முதலில் அவருக்கு ஒரு போன் போடுங்கள். அவர் ரசமட்டம் சொன்னது சத்தியம்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு சிற்றுண்டிக் கடையின் வெளிச்சுவர் உங்கள் குளியலறை போலவே இருந்தது. அருகிலேயே பார்வை பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ரிச்சர்ட் கிரிகரியின் குழுவில் ஒருவர் அதைக் கவனித்துச் சொல்ல, கிரிகரியும் பிரிசில்லா ஹேர்டும் சோதித்து 1979-ல் எழுதினார்கள். ‘கஃபே சுவர்’ என்ற பெயரில் அது உலகப் புகழ் பெற்றுவிட்டது. அவர்கள் கண்டதில் உங்களுக்கு உதவுவது ஒன்று உண்டு: பழி டைல்ஸின் மேல் மட்டும் இல்லை, டைல்ஸின் இடுக்கில் அடைக்கும் கிரவுட் கோட்டின் மேலும் இருக்கிறது. அந்தக் கோடு மெல்லியதாகவும், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவான சாம்பல் நிறமாகவும் இருந்தால்தான் ஆப்பு நன்றாகத் தெரியும். உங்கள் கிரவுட் என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. சிமென்ட் நிறம்தான் என்று பந்தயம் கட்டுவேன்.

கிட்டப்போய்ப் பாருங்கள். கிரவுட் கோட்டின் மேலே கறுப்பும் கீழே வெள்ளையும் இருக்கும் இடத்தில் ஒரு மாதிரியும், இரண்டு பக்கமும் கறுப்பே இருக்கும் இடத்தில் வேறு மாதிரியும் கோடு தெரியும். இந்த வெளிச்ச வித்தியாசங்களைக் கண் சின்னச் சின்னச் சாய்வுத் துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. எல்லாத் துண்டும் ஒரே பக்கம் சாய்வதால், முழுக் கோடும் சாய்ந்துவிட்டதாக மூளை கூட்டிக்கொள்கிறது. இரண்டு நிறத்தில் முறுக்கிய கயிற்றை நேராகப் பிடித்தாலும் சாய்ந்து தெரிவதும் இதே வகைதான். ஃபிரேசர் என்பவர் 1908-லேயே அதைப் படம் போட்டுக் காட்டினார்.

உடைக்க வேண்டாம். கிரவுட்டை மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு வெள்ளையோ கறுப்போ அடைக்கச் சொல்லுங்கள். என் யோசனை வெள்ளை. மயக்கம் முழுசாகப் போகாது, ஆனால் கண் உறுத்தாத அளவுக்கு இறங்கும். இனிமேல் கட்டுகிறவர்கள், கறுப்பு வெள்ளைதான் ஆசை என்றால், சதுரங்கப் பலகை போல மூலைக்கு மூலை சேரும்படி ஒட்டச் சொல்லுங்கள். அதில் இந்த மயக்கம் வராது.

மார்கழியில் சூரியக் கதிர் போல நடுவிலிருந்து கோடுகள் இழுத்து, மேலும் கீழும் இரண்டு காவிக்கோடுகள் போட்டேன். ஸ்கேல் வைத்துப் போட்டும் இரண்டும் நடுவில் புடைத்துத் தெரிந்தன.
ஒரு வாசகி, வாலாஜாப்பேட்டை

கதிர்கள்தான் புடைக்க வைக்கின்றன. ஹெரிங் என்பவர் 1861-ல் இதையே படமாக வெளியிட்டார். காவிக்கோட்டை ஒட்டி வரும் கதிர்களைக் குறையுங்கள், இல்லையென்றால் கோட்டை நடுவில் துளி உள்வாங்கிப் போடுங்கள். தெருவில் போகிறவர்கள் ஸ்கேல் வைத்தா பார்க்கப்போகிறார்கள்?

நான் போர்டு எழுதுகிறவன். ஆற்காடு ரோட்டில் லேப், ஸ்கேன் சென்டர் போர்டுகள்தான் அதிகம் வரும். ‘எக்ஸ்ரே’ என்று இங்கிலீஷில் எழுதும்போது அந்த முதல் எழுத்தில் ஒரு கால் தடிப்பு, ஒரு கால் மெலிசு. மெலிசுக் கால் தடிப்பைத் தாண்டும்போது உடைந்த மாதிரி தெரிகிறது.
ஒரு ஓவியர், வேலூர்

பிரமாதமான கேள்வி. தடித்த கால் தூண், மெலிந்த கால் கைப்பிடி. சத்துவாச்சாரி வீட்டுச் சமாசாரமேதான்.

அச்செழுத்து வடிவமைப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. அவர்கள் மெலிந்த காலை ஒரே கோடாக இழுப்பதில்லை. மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் கொஞ்சம் எதிரெதிராக நகர்த்தி, கண்ணுக்கு ஒரே கோடாகத் தெரியும் இடத்தில் நிறுத்துவார்கள். நல்ல புத்தகத்தில் அந்த எழுத்தைப் பெரிதாக்கி, மெலிந்த காலின் மேல் ஸ்கேல் வையுங்கள். இரண்டு பாதியும் ஒரே கோட்டில் இருக்காது. நீங்களும் சாக்பீஸில் இரண்டு பாதியையும் தனித்தனியாகக் குறித்து, எதிர்ச் சுவருக்குத் தள்ளிப்போய்ப் பார்த்து, நகர்த்திய பிறகு பெயின்ட் எடுங்கள்.

கட்டடத்தில் நூல் சொல்வதைக் கேட்க வேண்டும். எழுத்தில் கண் சொல்வதைக் கேட்க வேண்டும். கைப்பிடியைக் கண்ணுக்காகக் கோணலாகப் பற்றவைத்தால், வேறு இடத்தில் நின்று பார்ப்பவருக்கு நிஜமாகவே கோணலாகத் தெரியும். போர்டில் தடித்த காலும் மெலிந்த காலும் ஒரே தளத்தில் இருப்பதால், எங்கிருந்து பார்த்தாலும் இரண்டும் சேர்ந்தேதான் வரும். அதனால் அங்கே கண்ணுக்கு ஏற்றபடி திருத்தலாம்.

ஏலகிரி மலைப்பாதையில் ஒரு கொண்டையூசி வளைவு தாண்டியதும் ரோடு இறங்குகிற மாதிரி தெரிகிறது. ஆனால் ஸ்கூட்டர் மூச்சு வாங்குகிறது. வண்டியில் கோளாறா?
ஒரு வாசகர், ஜோலார்பேட்டை

வண்டிக்கு ஒன்றுமில்லை. செங்குத்தாக ஏறி வந்த பிறகு வரும் லேசான ஏற்றம் இறக்கமாகத் தெரியும். மலையில் தொடுவானமும் தெரியாது. அது தெரியாதபோது, மலைச்சரிவு, ஓரச் சுவர், பாறை வரிகள் ஆகிய பக்கத்துக் கோடுகளைத்தான் கண் மட்டமாக எடுத்துக்கொள்ளும். அவை சாய்ந்திருந்தால் ரோடும் சேர்ந்து சாயும். லே நகரத்துக்குப் பக்கத்தில் ‘காந்த மலை’ என்று சுற்றுலாப் பயணிகள் வண்டியை நியூட்ரலில் விட்டு வேடிக்கை பார்க்கிறார்களே, அங்கே காந்தம் ஒன்றுமில்லை. இதே சாய்வு மயக்கம்தான்.

வேடிக்கை என்று விட்டுவிடவும் முடியாது. 1965 டிசம்பர் 4 அன்று நியூயார்க் அருகே இரண்டு பயணிகள் விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. ஒன்று 10,000 அடியில், மற்றது 11,000 அடியில். ஆயிரம் அடி இடைவெளி பத்திரமானதுதான். ஆனால் மேகத்தின் மேல்விளிம்பு சரிவாக இருந்தது. அந்தச் சரிவை மட்டமாக எடுத்துக்கொண்டதால், எதிரே வரும் விமானம் தங்கள் உயரத்திலேயே வருகிறது என்று கீழே இருந்த விமானிகளுக்குத் தோன்றியது. தப்பிக்க மேலே தூக்கினார்கள், போய் மோதிவிட்டது. இரண்டையும் எப்படியோ தரையிறக்கினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை காரணமாகச் சொன்னது இந்தத் தோற்ற மயக்கத்தை. மலைப்பாதையில் ‘இறக்கம்தானே’ என்று கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

சார், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கண்ணையே நம்பக் கூடாது போலிருக்கிறதே?
ஒரு கல்லூரி மாணவி, காட்பாடி

அப்படி நான் சொல்லவே மாட்டேன். லேபில் வெர்னியர் காலிப்பர் பிடித்திருப்பீர்கள். முக்கிய அளவுகோலின் கோடும் வெர்னியர் கோடும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று பார்ப்பது யார்? கண்தானே. பியர் வெர்னியர் 1631-ல் அந்த வெர்னியர் அளவுகோலை வெளியிட்டபோது நம்பியது கண்ணின் இந்தத் திறமையைத்தான். முனைக்கு முனை வைத்த இரண்டு கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருப்பதை, ஒரு மீட்டர் தூரத்திலிருந்து, ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அளவுக்குக்கூட நல்ல கண் கண்டுபிடிக்கும். விழித்திரையில் பிம்பமாக விழும்போது அந்த விலகல் இன்னும் சுருங்கிவிடும். விழித்திரையின் நடுவில் உள்ள செல்களுக்கு இடையிலான தூரமே அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த செல்களை வைத்துக்கொண்டு இவ்வளவு நுட்பமாக அளக்கிறதே என்று எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை.

அந்தக் கூர்மை கோடுகள் தனியாக இருக்கும்போதுதான். மிக நெருக்கமாக வேறு கோடுகளைக் கொண்டுவந்து வைத்தால் குறைந்துவிடும் என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால் நான் மாணவர்களிடம் சொல்லிவந்தது இதுதான்: சந்தேகம் வந்தால் இரண்டு வெள்ளைத் தாள்களால் பக்கத்துக் கோடுகளை மறைத்துவிட்டுப் பார். மறைக்க முடியாத இடத்தில் நூலையும் தூக்குக்குண்டையும் எடு.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்ட எளிய வழி உண்டா? செலவில்லாமல் இருக்க வேண்டும்.
ஒரு ஆசிரியை, போளூர்

உண்டு டீச்சர். ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் 4 செ.மீ. அகலத்தில் சார்ட் பேப்பர் பட்டையை நெட்டுக்குத்தாக ஒட்டுங்கள். இடப்பக்கம் கீழிருந்து ஏறி, பட்டையின் விளிம்பைத் தொடும்படி ஒரு சாய்வுக்கோடு போடுங்கள். 45 பாகை போதும். வேறொரு சின்னத் தாளில் அதே சாய்வில் ஒரு கோடு போட்டு வெட்டி, பட்டையின் வலப்பக்கத்தில் வையுங்கள். பிள்ளை அந்தத் துண்டை விளிம்போடு மேலும் கீழும் நகர்த்தி, ‘இப்போது ஒரே கோடு’ என்று தோன்றும் இடத்தில் நிறுத்தட்டும். ஸ்கேல் வைக்க விடாதீர்கள், அதுதான் ஆட்டம். நிறுத்திய இடத்தில் பென்சிலால் குறி போட்ட பிறகு ஸ்கேல் கொடுங்கள். பெரும்பாலும் குறி சரியான இடத்துக்குக் கீழே இருக்கும்.

பட்டையை 2 செ.மீ., 6 செ.மீ. என்று மாற்றி மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். பிறகு சாய்வுக்கோடு படுக்கையாக வரும்படி தாளையே திருப்பி வைத்து ஒருமுறை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை மில்லிமீட்டர் விலகியது என்று கரும்பலகையில் ஒரு பட்டியல் போடுங்கள். கண்ணாடி போட்ட பிள்ளைகளும் போடாத பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் ஏமாறுவார்கள். ‘எனக்குக் கண் சரியில்லை’ என்று யாரும் சுருங்கிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை நகல் எடுத்து எனக்கு அனுப்பி வையுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், பட்டையின் அகலமும் விலகலும் மட்டும் இருந்தால் போதும்.